பெட்டி மூடியில் இருந்த கார்

இது நடந்தது எண்பத்து மூன்றில் என்று என் மச்சான் இன்றும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். தவறு. எண்பத்திரண்டு. சூறாவளி அடித்து நாலாவது வருஷம். எண்பத்து மூன்றில் பெருநாள் கழிந்த ஜூலைக் கடைசியில் நாட்டில் கலவரம், ஊரடங்குச் சட்டம். அந்த நாட்களில் ஒருவரும் வேன் பிடித்துப் பெண் வீடு பார்க்கப் போகவில்லை. இதை அவரிடம் பலமுறை விளக்கியாயிற்று. கேட்டுவிட்டு, "ஓம் மச்சான், எண்பத்து மூண்டுதான்" என்பார். எந்த விஷயத்தையும் அவர் கேட்டுக்கொள்ளும் முறை அதுதான். இந்தக் கதை முழுவதற்கும் அதுவே காரணம்.

மச்சான் என்றால் என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன். அவருக்கும் இளையவளுக்கும் நானும் மச்சான்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். நானும் அப்படித்தான் கல்முனையில் வீடும் தோட்டமுமான அந்த வளவுக்குள் வந்தேன். பழைய வீடு மூத்தவளான என் மனைவிக்கு. இளையவளுக்கு ஒரு வீடு வேண்டுமென்று மச்சான் குவைத்துக்குப் போனார். அங்கிருந்து அவர் அனுப்பியதைக் கொண்டு அதே வளவில் ஒரு வீடு எழும்பியது. முன்பக்கம் நாலு தூண். நாலும் எதையும் தாங்கவில்லை. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞன். தூண் என்றால் என்ன வேலை செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இளையவளுக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசினார்கள். நல்ல பையன், அரசாங்க உத்தியோகம். தகப்பனார் அங்கே பள்ளிவாசல் மரைக்காயர்களில் ஒருவர். நிர்வாகத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டோடு கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் பஹ்ரைனிலிருந்து லீவில் வந்து இறங்கினார். வீடு மட்டும் போதாது, வயலும் வேண்டும் என்றார்.

வயல் என்றால் என் மாமியாருடைய வயல், சொறிக்கல்முனைப் பக்கம் வாய்க்காலை ஒட்டிக் கிடப்பது. வளவில் இரண்டு அடுப்பும் எரிவது அந்த நெல்லில்தான். அது போனால் நாங்கள் எல்லோரும் கடையில் அரிசி வாங்கிச் சாப்பிட வேண்டும். என் மாமியாருக்கு அதைவிட மௌத்தாகிப் போவது மேல். பெருநாள் கழிந்து வைக்கும் ஆறு நோன்பும் முடியட்டும், அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வந்து வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று சம்மாந்துறைக்காரர் சொல்லியனுப்பினார்கள். பொய்த் தூண் நாலும் அவர்களை மயக்கினால் வயல் தப்பும்.

பெருநாளுக்கு முந்திய வாரம் மச்சான் வந்து சேர்ந்தார். புது வீட்டு விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரி செய்து வைக்கச் சொல்லி ஏற்கனவே எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் வெளிநாடு போய் வந்தவர்கள் வீடுகளில் எல்லாம் அப்படி ஓர் அலுமாரி உண்டு. உள்ளே திறக்காத செண்டுப் போத்தல், குடிக்காத தேநீர்க் கோப்பை, பிளாஸ்டிக் திராட்சைக் குலை, ஓடாத மணிக்கூடு. பாவிப்பதற்காக எதையும் வாங்கியதில்லை என்பதற்கு மனிதர்கள் தாமே கண்ணாடி போட்டு அத்தாட்சி வைத்த காலம் அது. மச்சானுடைய அலுமாரியில் நடுத்தட்டு மட்டும் வெறுமையாக விடப்பட்டிருந்தது. மேலே ஒரு சின்ன பல்பும் போட்டிருந்தார்.

"இவடத்ததான் மச்சான் காரு நிக்கப்போகுது" என்றார்.

அவர் பெட்டியைத் திறந்து எடுத்தது சோப்புக்கட்டி வரும் சவுக்காரப் பெட்டி அளவுள்ள அட்டைப்பெட்டி. மூடியில் ஒரு பந்தயக் காரின் வர்ணப் படம். மழையில் நனைந்த எவர்சில்வர் போல மினுங்கும் சிவப்பு. பின்னால் விமானத்துக்கு இருப்பது போல ஓர் இறக்கை. மூடியைத் திறந்தால் உள்ளே கார் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி இருந்தது. பிளாஸ்டிக் பையொன்றில் கொஞ்சம் ஈயத் துண்டுகள், சக்கரத்துக்கு நாலு சில்லு, ஒரு மெல்லிய கண்ணாடித் தாள், ஒட்டுப்படங்கள், ஒரு கடதாசி.

"உடைஞ்சுபோச்சா?" என்று கேட்டார் மாமியார்.

"உடையல்ல உம்மா. நாமதான் ஒட்டணும். குவைத்தில கடைக்காரன் சொன்னான், இது பெரிய ஆக்கள்ட விளையாட்டாம்."

குசினி வாசலில் நின்ற இளையவள் எட்டிப் பார்த்தாள். "காக்கா, சவுக்காரம் இஞ்சயும் விக்கிது" என்றாள்.

வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு நுணுக்கமான கை, அலுவலகத்தில் நல்ல பேனாவும் தூரிகையும் இருக்கின்றன என்பது மச்சானின் காரணம். மாமியாரின் காரணம் வேறு. "தம்பி, அவன் ஆசையாக் கொண்டு வந்திரிக்கான். ஒட்டிக் குடுங்க. வயலு போனா உங்கட சோறும் சேந்துதான் போகும்" என்றார். இந்தக் குடும்பத்தில் சரியாக யோசித்துப் பேசுபவர் அவர் ஒருவரே என்பதால் மறுக்க வழியில்லை.

முதலில் சாமானை மதிப்பிட்டேன். இப்படியான மாதிரிகளைப் பற்றி ஆங்கிலச் சஞ்சிகைகளில் வாசித்திருந்தேன். பெரிய தொழிற்சாலைகள் உருக்கு அச்சில் பிளாஸ்டிக்கை அழுத்தி வார்ப்பார்கள். இது அந்த வகையல்ல. யாரோ ஒருவர் வீட்டின் பின்னறையில் ரப்பர் அச்சு செய்து, ரெசின் என்னும் திரவப் பிசினை ஊற்றி, இறுகியதும் பிடுங்கி எடுத்திருக்கிறார். செய்தவர் பந்தயக் காரைப் பார்த்திருக்கிறார், ஆனால் தூரத்திலிருந்து. இடது பக்கச் சில்லு வளைவு வலது பக்கத்தைவிட உயரம். திரவத்தில் அடைபட்ட காற்று குமிழியாக நின்று, கூரையெல்லாம் ஆப்பத்தின் நடுப்பகுதி போலப் பொத்தல். கதவின் கோடு பாதி வழியில் களைத்துப்போய் நின்றுவிட்டது. பின் இறக்கை பொரித்த பப்படம் மாதிரி முறுகியிருந்தது. நாலு சில்லிலும் மூன்றுதான் ஒரே அளவு. ஈயத்தில் வார்த்த இருக்கை ஒன்றில் ஓட்டுநரின் முதுகு இருந்தது. அவருக்கு முன்பக்கம் இல்லை. கடதாசியில் மூன்று மொழிகளில் விளக்கம் போட்டிருந்தது. எனக்கு ஆங்கிலம் மட்டும் தெரியும். அதில் 'அனுபவமுள்ளவர்களுக்குக் கடினமாக இராது' என்ற ஒரு வசனமும், கரியைக் கொட்டியது போல ஒரு புகைப்படமும். மற்ற இரண்டு மொழிகளிலும் இன்னும் குறைவாகவே எழுதியிருந்தது. மூடியில் உள்ள படம் இந்தச் சாமானைக் கொண்டு செய்த காருடையது அல்ல என்று எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன்.

"எப்படி மச்சான்?" என்று கேட்டார் காரைக் கொண்டுவந்தவர்.

"மூடி நல்லாயிருக்கு" என்றேன்.

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பொத்தல்களை அடைக்க கராஜில் லொறிக்குப் பூசும் பட்டி கொஞ்சம் வாங்கினேன். பூசிக் காயவைத்து, அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். ஒரு குமிழியைத் தேய்த்தால் அதன் அடியில் பதுங்கியிருந்த இன்னொரு குமிழி வாய் திறக்கும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. நோன்பு வைத்த வயிற்றோடு நான் தேய்த்தது பாதிக்கு மேல் கல்முனைக் கராஜின் பட்டி. கடைசியில் அந்த வெளிநாட்டுக் காரில் வெளிநாட்டுப் பங்கு சொற்பம். சைக்கிள் டியூபுக்குப் போடும் சொலூஷனில் ரெசின் ஒட்டவில்லை. இரண்டு குழாயில் வந்து கலந்து பூசும் பசைதான் பிடித்தது.

இறக்கையை நிமிர்த்தக் கொதிநீர் வேண்டும். ரெசின் சூட்டில் இளகும், நிமிர்த்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் போட்டால் அப்படியே நிற்கும். இளையவள் ஒரு சட்டியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். இறக்கை தண்ணீருக்குள் துவண்டது.

"மச்சான், ஒண்டு கேக்கட்டா?" என்றாள். "வயலுக்கு வாற ஆள், இதப் பாத்திட்டு வயல மறந்திருவாரா?"

"உங்கட காக்கா அப்படித்தான் நம்புறார்."

"காக்காவப் பாத்தா அவருக்கு வீட்டையும் மறந்து போகும்." சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "உம்மாட வயலக் குடுத்து என்னைக் கட்டிக்குடுக்க வேணாம் எண்டு ராத்தாக்கிட்டச் சொல்லிட்டன். உங்களுக்கும் சொல்லி வைக்கிறன். வயலைக் கேட்டா, நான் இல்ல எண்டு சொல்லிருவன்."

அந்தச் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தபோதுதான், இந்தக் கோமாளித்தனத்தில் உண்மையாகவே ஒரு பெண்ணின் கல்யாணம் மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்பது எனக்கு உறைத்தது. அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்று அவள் ராத்தாவான என் மனைவி முன்பே சொல்லியிருந்தாள்.

சிவப்பு வர்ணமும் கராஜிலிருந்துதான் வந்தது. சம்மாந்துறை உழவு இயந்திரம் ஒன்றின் பெட்டிக்குப் பூசியதில் மிச்சம், பால்மாப் பேணியில் தந்தார்கள். டர்பன்டைன் எண்ணெயில் நன்றாக இளக்கி மூன்று பூச்சுப் பூசினேன். மூன்றாவது பூச்சு காய்வதற்கு முன் மச்சான் வந்து, காய்ந்துவிட்டதா என்று கூரையில் பெருவிரலை வைத்துப் பார்த்தார். காயவில்லை. அந்த ரேகை இன்றும் அங்கே இருக்கிறது. ஆள் அடையாளத்துக்கு உதவும்.

பிறகு ஒட்டுப்படங்கள். தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டுபவை. மூடிப் படத்தில் காரின் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பந்தயத்துக்குப் பணம் கொடுத்த கம்பனியின் பெயர். அதை நான் ஆங்கில நாவல்களில் பலதடவை வாசித்திருக்கிறேன். கதாநாயகன் மாலையில் ஹோட்டலில் உட்கார்ந்து கேட்டு வாங்கும் பானம்.

"மச்சான், இது மதுக் கம்பனிட பேர்" என்றேன்.

"மெய்யாவா?"

"மெய்தான்."

மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஊருல ஆருக்கு விளங்கும்? இங்கிலீசுதானே. ஒட்டுங்க. அது இல்லாட்டிக் காரு மொட்டையா இரிக்கும்."

"வாறவர் மரைக்காயர்."

"அதுக்கும் ஒண்டு யோசிச்சித்தான் வெச்சிரிக்கன். நம்பரு இரிக்கிதானே வட்டத்துக்குள்ள, அதை எடுத்திட்டு 786 போடுங்க."

உலகத்தில் எந்தப் பந்தயத்திலும் எழுநூற்றெண்பத்தாறு கார்கள் ஓடியதில்லை என்பதை நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் லொறியின் நெற்றியிலும் கடையின் கல்லாவிலும், 'அல்லாஹ்வின் பெயரால்' என்னும் பிஸ்மிக்குப் பதிலாக எழுதும் இலக்கம் அது. அதை மதுவின் பெயருக்கு மேலே எழுத வேண்டுமாம். இந்த மனிதர் ஐந்து நேரமும் தொழுபவர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

"ரெண்டில ஒண்டுதான் என்ட கையால வரும்" என்றேன். "786 வேணுமெண்டா மற்றது இல்ல."

முகம் சுருங்கிப் போனார். ஆனாலும் சம்மதித்தார். மதுப் பெயரை அடுப்பில் போட்டேன். படவரைஞரின் பேனாவால் கூரையிலும் கதவுகளிலும் 786 எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஆகத் திருத்தமான இலக்கங்கள் அவை. அணைக்கட்டு வரைபடத்தில்கூட அவ்வளவு கவனம் எடுத்ததில்லை. அவை எதில் எழுதப்பட்டன என்று நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் கார் நடுத்தட்டில் நின்றது. பல்பின் கீழ் அது ஒரு நல்ல நெருப்புப்பெட்டி அளவு கம்பீரத்தோடு இருந்தது. நான் ஜும்மாவுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் மச்சான் தன் மூளையை இன்னொரு தடவை பாவித்திருந்தார். இது உள்ளூரில் செய்த சாமான் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, பெட்டியின் மூடியைக் காருக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்திருந்தார். படத்தில் அந்தப் பெயர் காரைவிடப் பெரிதாகத் தெரிந்தது. எடுக்கச் சொல்ல வாயெடுத்தேன். வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது.

மரைக்காயர் மெலிந்த, உயரமான ஆள். வீட்டைச் சுற்றி நடந்தார். கிணற்றுக் கட்டை எட்டிப் பார்த்தார். தூண் ஒன்றை விரலால் தட்டினார், அது வெறுமையாகச் சத்தம் போட்டது. தாய்மாமன் சென்ட் மணக்க அவருக்குப் பின்னால் வந்தார். தான் பஹ்ரைனில் பள்ளிவாசல் கட்டும் கம்பனியொன்றில் ஸ்டோர் கீப்பர் என்று வந்ததிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டார். தங்க நிறச் சங்கிலி போட்ட கைக்கடிகாரம் அவருக்கும் மச்சானுக்கும் ஒரே மாதிரி. இருவரும் அதைக் கவனித்தார்கள். அதனால் ஒருவரையொருவர் பிடிக்கவில்லை.

விறாந்தையில் தேநீர் வந்தது. பெண்கள் கதவுத் திரைக்குப் பின்னால் இருந்தார்கள்.

"வீட்டப் பத்திக் குறையில்ல" என்று தொடங்கினார் தாய்மாமன். "ஆனா வீட்ட வெச்சிச் சோறாக்க ஏலாது. அந்த வயலு விசயத்த இண்டைக்கிப் பேசி முடிப்பம்."

மாமியாரின் வளையல் திரைக்குப் பின்னால் ஒருதடவை சத்தம் போட்டு நின்றது.

மச்சான் எழும்பினார். வயலுக்குப் பதில் சொல்லாமல் அலுமாரிப் பல்பைப் போட்டார். "மாமா, இதப் பாருங்க. குவைத்தில இரிந்து கொண்டு வந்தது. ரேஸ் காரு. மச்சான்தான் ஒட்டினாரு."

மரைக்காயர் எழுந்து கிட்டப் போனார். குனிந்தார். "786 போட்டிரிக்கி" என்றார். குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. "ஆரு எழுதின? நல்ல எழுத்து."

தாய்மாமனுக்கு அது பொறுக்கவில்லை. வயல் கைநழுவிப் போவதாக நினைத்திருக்க வேண்டும். எழும்பி வந்து, தன் மச்சானான மரைக்காயரின் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"மச்சான், 786-ஐ மட்டும் பாக்காதீங்க. பின்னால மூடியில என்ன எழுதியிரிக்கி எண்டு பாருங்க. இது குடிக்கிற சாமான்ட பேர்."

"எது?"

"இந்தா, இந்தப் பேரு. போத்தல்லயும் இதே எழுத்துத்தான், இதே சிவப்பு. கொஞ்சம் கசக்கும். ஐஸ் போட்டு, தேசிக்காத் துண்டு ஒண்டும் போட்டு..."

அந்த இடத்தில்தான் நிறுத்தினார். நிறுத்தியது பிந்திவிட்டது.

மரைக்காயர் மூடியை விட்டுத் திரும்பித் தன் மனைவியின் தம்பியைப் பார்த்தார்.

"ஐஸ் போட்டா?" என்றார்.

"ஆக்கள் கதைக்கிறது மச்சான். கேள்விப்பட்டது."

"கசக்கும் எண்டதும் கேள்விப்பட்டதா?"

தாய்மாமன் கைக்கடிகாரச் சங்கிலியைச் சரிசெய்தார். மரைக்காயர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்ச ஆள். இவர் சொல்றது சரியா?"

"எனக்கு எழுத்த வாசிக்க மட்டும்தான் தெரியும்" என்றேன். "ஐஸ் விசயம் எனக்குத் தெரியாது."

திரைக்குப் பின்னால் யாரோ இருமலாக மாற்றிக்கொண்ட சிரிப்புக் கேட்டது. என் மனைவியின் இருமல் எனக்குத் தெரியும். அது அவளுடையதல்ல.

"பள்ளி கட்டுற கம்பனி" என்றார் மரைக்காயர், யாரிடமும் அல்லாமல். "அந்த ஸ்டோரில என்னத்தத்தான் வெச்சிரிந்தீங்க?" மச்சானையும் அவர் விடவில்லை. "மகன், அந்த மூடியக் கொண்டுபோய் அடுப்பில போடுங்க. வாசிக்கத் தெரியாட்டி வைக்கக்கூடாது." பிறகு உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் கடைசிவரை குடித்தார். தாய்மாமனுடைய கோப்பையில் ஆடை படிந்தது.

"வீடு எண்டு பேசினம், வீட்டோட இரிக்கட்டும்" என்றார் கோப்பையை வைத்து. "உம்மாட்டச் சொல்லுங்க, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுகா நாளக் குறிப்பம்."

வயல் என்ற சொல் அதன் பிறகு வரவில்லை. அதை எழுப்பக்கூடிய ஒரே வாய் வேன் புறப்படும்வரை மூடியே இருந்தது. மரைக்காயர் முன் ஆசனத்தில் ஏறினார். தாய்மாமனைப் பின்னால் ஏறச் சொன்னார்.

இதிலிருந்து மச்சான் என்ன விளங்கிக்கொண்டார் என்பதைத்தான் நான் எழுத விரும்பினேன். வேன் சந்தி திரும்பு முன்பே, "பாத்தீங்களா மச்சான், காரக் காட்டின உடனே வயல விட்டுட்டாங்க" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அதைத்தான் சொல்கிறார், ஆண்டையும் பிழையாகச் சேர்த்து. தன் கார் வயலை மீட்டது என்கிறார். அந்த மாமனின் நாக்கு மீட்டது என்று சொன்னால், "ஓம், ரெண்டும்தான்" என்பார். அதற்குப் பிறகு அவரோடு வாதாடுவது எனக்கு இழிவு.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து நாலு பொய்த் தூணுக்குள் குடியேறினார். நல்ல மனிதர். அந்தப் போகத்து நெல் வழக்கம்போல மாமியார் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கியது. இரண்டு அடுப்புக்கும் அளந்து கொடுத்தார்.

காரின் இறக்கை இரண்டு வெயில் தாண்டவில்லை. வார்த்த அன்றிருந்த முறுகலுக்கே திரும்பிப் போய்விட்டது. ரெசின் அப்படித்தான், முதலில் பிடித்த வளைவை மறக்காது. மீண்டும் நிமிர்த்தித் தரும்படி மச்சான் குவைத்திலிருந்து கடிதம் எழுதினார். கடிதத்தை இளையவளிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு அலுமாரியைத் திறந்து, இறக்கை சுவர்ப்பக்கம் போகுமாறு காரைத் திருப்பி வைத்தாள்.

"சரியாப்போச்சு எண்டு எழுதிவிடுங்க மச்சான்" என்றாள். "காக்கா முன்பக்கம் மட்டும்தான் பாப்பார்."